தேடலில் தளம் தெரியவில்லை: அறிகுறியிலிருந்து கோளாற்றைப் பிடிக்கும் வழிமுறை

"தளம் கூகுளில் கீழே போய்விட்டது" என்ற ஒரே வாக்கியத்தோடுதான் தமிழ்த் தளங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். அந்த வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டுக் கோளாறுகள் ஒளிந்திருக்கக்கூடும். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஒரு பக்கம் தேடல் முடிவில் வந்து நிற்பதற்கு முன் அதன் முகவரி, பக்கங்களைப் படித்து வரும் கூகுளின் தானியங்கியான கூகுள்பாட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும், சர்வர் அதை உள்ளே விட வேண்டும், உள்ளே இருப்பது எழுத்தாகப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதைத் தன் தேடல் பட்டியலான இண்டெக்ஸில் வைத்துக்கொள்ளலாம் என்று தேடுபொறி முடிவு செய்ய வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகுதான் மற்றப் பக்கங்களோடு இடத்துக்கான போட்டியே தொடங்குகிறது. தரவரிசைக் கோளாறு என்று என்னிடம் வருபவற்றில் பல, அந்தப் போட்டிக்கே வந்து சேராத பக்கங்கள். ஆகவே கட்டுரைகளைத் திருத்தி எழுத உட்காருவதற்கு முன், வழியில் எந்த இடத்தில் தடைபட்டது என்பதை அறிகுறியைக் கொண்டு கண்டறிய வேண்டும்.

தேவையான கருவிகள் மூன்று. முதலாவது, கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல், இது இலவசம். இரண்டாவது, தளம் முழுவதையும் ஓடிப் படித்துப் பட்டியலிடும் ஒரு மென்பொருள். ஸ்க்ரீமிங் ஃப்ராக்கின் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை படித்துத் தரும், சிறிய தளத்துக்கு அதுவே போதும். மூன்றாவது, ஹோஸ்டிங் கணக்கில் கிடைக்கும் சர்வர் பதிவேடு, அதாவது லாக் கோப்பு. பலர் இதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில்: உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைக் காட்டும். சென்ற வாரத்தை அதற்கு முந்தைய வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பதறாமல், சென்ற ஆண்டின் இதே காலத்தோடும் ஒப்பிட வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தீபாவளி 2024இல் அக்டோபர் 31 அன்றும் 2025இல் அக்டோபர் 20 அன்றும் வந்தது. பலகாரக் குறிப்புகள் உள்ள ஒரு தளத்தின் அக்டோபர் கடைசி வாரத்தை இரண்டு ஆண்டுகளிலும் ஒப்பிட்டால், இரண்டாம் ஆண்டில் தளம் செத்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் பண்டிகைதான் பதினொரு நாள் முன்னால் போயிருக்கிறது. பண்டிகைத் தேதியை நடுவில் வைத்து முன்னும் பின்னும் நாட்களை எண்ணி ஒப்பிடுவதே சரி.

கடைசி இரண்டு மூன்று நாட்களின் தரவு முழுமையடையாதது. அந்த வளைவு தாழ்வதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் மட்டும் இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவுகளில் தளம் தோன்றிய எண்ணிக்கை, சட்டென்று விழுந்து, சராசரி இடம் மேம்பட்டதுபோலவும் கிளிக் மாறாமலும் இருந்தால், அதற்காகத் தளத்தில் எதையும் தொட வேண்டாம். ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் கேட்டுவாங்கும் வசதியைக் கூகுள் அந்த மாதம் நிறுத்தியது. அதன் பிறகு பல தளங்களின் கணக்கிலும் இதே தோற்றம் உண்டானது.

குறைவு உண்மை என்று உறுதியான பின், அது எந்தப் பக்கங்களில், எந்தச் சாதனத்தில், எந்தத் தேடற்சொற்களில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ்த் தளத்தில் இன்னொரு பிரிவையும் சேர்க்க வேண்டும். அதிரசம் செய்முறையைத் தமிழ் எழுத்தில் தேடுபவர்கள் ஒரு கூட்டம். அதையே ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுபவர்கள் இன்னொரு கூட்டம். ஆங்கில எழுத்துத் தேடல்களை வடிகட்டித் தனியே எடுத்துப் பார்த்தால், பல வேளைகளில் ஒரு கூட்டம் மட்டும் விலகியிருப்பது தெரியவரும்.

அறிகுறி: முழுத் தளமும் ஒரேயடியாகக் காணவில்லை

சில நாட்களுக்குள் வருகை ஏறக்குறைய பூச்சியத்துக்கு வந்திருந்தால், கட்டுரையின் தரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அது தொழில்நுட்பத் தடையாகவோ தண்டனையாகவோதான் இருக்கும். சர்ச் கன்சோலில் (கூகுள் ஊழியர்கள் விதித்த தண்டனையைக் காட்டும்) கைமுறை நடவடிக்கை, பாதுகாப்புச் சிக்கல் என்ற இரண்டு பகுதிகளையும் முதலில் திறந்து, அவை காலியாக இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். டொமைன் காலாவதியாகிவிட்டதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

அடுத்தது நோஇண்டெக்ஸ், அதாவது இந்தப் பக்கத்தை இண்டெக்ஸில் சேர்க்காதே என்ற கட்டளை. வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்புப் பகுதியின் அடியில், தேடுபொறிகள் இத்தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு பெட்டி உண்டு. புதிய வடிவமைப்பைச் சோதனைத் தளத்தில் உருவாக்கும்போது அதில் குறியிடுவது நல்ல பழக்கம். அந்தச் சோதனைத் தளத்தை அப்படியே அசல் தளத்தின் மேல் ஏற்றிவிட்டுக் குறியை எடுக்க மறந்துபோவதுதான் வினை. நான் பார்த்த ஒரு தளத்தில் இந்தக் குறி ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரமும் உரிமையாளர் ஒரு எழுத்தாளரை அமர்த்திப் பழைய கட்டுரைகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பக்கத்தின் மூலநிரலில் நோஇண்டெக்ஸ் தென்படவில்லை என்பதால் நிம்மதி அடையவும் கூடாது, ஏனெனில் அதே கட்டளையைச் சர்வர் பக்கத்துக்கு முன்னால் அனுப்பும் தகவலில், அதாவது எச்டிடிபி ஹெடரில், அனுப்பக்கூடும். சர்ச் கன்சோலின் முகவரிச் சோதனையில் நேரடிச் சோதனையை ஓட்டினால் இரண்டும் சேர்ந்தே தெரியும்.

தானியங்கிகள் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 1994இல் ஒரு வழக்கமாகத் தொடங்கி 2022இல் முறையான இணையத் தரமாக ஆன அந்தக் கோப்பு, பக்கத்தைப் படிக்க வராதே என்று மட்டுமே சொல்லும். இண்டெக்ஸில் வைக்காதே என்று அதனால் சொல்ல முடியாது. ஒரு பக்கத்தை நீக்க விரும்பி அதில் நோஇண்டெக்ஸும் போட்டு, ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிட்டால், கூகுள்பாட் உள்ளே வந்து அந்த நோஇண்டெக்ஸைப் படிக்கவே முடியாது. பக்கம் விளக்கமில்லாத வெறும் முகவரியாக இண்டெக்ஸிலேயே தங்கிவிடக்கூடும். இன்னொன்று, ரோபோட்ஸ் கோப்பு இல்லாமல் 404, அதாவது அந்த முகவரியில் எதுவும் இல்லை என்ற பதில், வந்தால் கூகுள் தடை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். அதே கோப்புக்குச் சர்வர் தன் கோளாற்றைச் சொல்லும் 500 வகைப் பிழையைத் தந்தாலோ, தளம் முழுவதுமே தடுக்கப்பட்டது போலத் தயங்கி நின்றுவிடும். கோப்பே இல்லாதது நல்லது, உடைந்த கோப்பு கெட்டது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நமது கைப்பேசியில் தளம் நன்றாகத் திறக்கிறது, கூகுளுக்கு மட்டும் திறக்கவில்லை என்ற நிலையும் உண்டு. ஹோஸ்டிங் நிறுவனமோ பாதுகாப்புக்காகச் சேர்த்த பிளகின் என்ற துணைநிரலோ, தொல்லை தரும் தானியங்கிகளைத் தடுக்கும் வேகத்தில் கூகுள்பாட்டையும் சேர்த்து வெளியே நிறுத்தியிருக்கும். சர்ச் கன்சோலின் அமைப்புகளுக்குள் கூகுள்பாட் வந்து படித்ததைக் கணக்கிடும் கிரால் புள்ளிவிவரம் என்ற அறிக்கை இருக்கிறது. அதில் ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து கோரிக்கைகள் சரிந்து 403 (அனுமதி இல்லை) அல்லது 503 (இப்போது சேவை இல்லை) பதில்கள் பெருகியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வருபவை எல்லாம் கூகுளுடையவை அல்ல என்பதால், விலக்கு அளிப்பதற்கு முன் அந்த ஐபி முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று திருப்பித் தேடி, அந்தப் பெயர் கூகுள்பாட்.காம் அல்லது கூகுள்.காம் என்று முடிகிறதா என்று சரிபார்ப்பது அவசியம்.

அறிகுறி: பழைய பக்கங்கள் வருகின்றன, புதியவை சேர்வதில்லை

பக்க இண்டெக்ஸிங் அறிக்கையில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வரிகள் உள்ளன. ஒன்று, கண்டறியப்பட்டது ஆனால் தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை. மற்றது, படிக்கப்பட்டது ஆனால் தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை. முதலாவதில் கூகுளுக்கு முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. சர்வர் மெதுவாக இருக்கலாம். அல்லது அந்தப் பக்கத்துக்குத் தளத்துக்குள்ளிருந்தே ஓர் இணைப்பும் இல்லாமல், தளத்தின் முகவரிப் பட்டியலான சைட்மேப்பில் மட்டும் பெயர் இருக்கலாம். முகப்பிலிருந்தும் தொடர்புள்ள பழைய கட்டுரைகளிலிருந்தும் இணைப்புக் கொடுத்தாலே இதில் பாதி சரியாகும். சைட்மேப்பில் முக்கியத்துவ எண்ணையும் மாறும் கால இடைவெளியையும் எழுதி நேரத்தைச் செலவிட வேண்டாம். கூகுள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. கடைசியாகத் திருத்திய தேதியை மட்டும், அது உண்மையாக இருக்கும்வரை, கவனிக்கும்.

இரண்டாவது வரி சங்கடமானது. வந்தார்கள், படித்தார்கள், வேண்டாம் என்று போய்விட்டார்கள். இதற்கு நான் அடிக்கடி காணும் உதாரணம் திருக்குறள் தளங்கள். 1330 குறளுக்கும் 1330 பக்கங்கள். ஒவ்வொன்றிலும் ஏழு சீர்கள் கொண்ட குறள், அதன் கீழே எல்லாத் தளங்களிலும் உள்ள அதே இரண்டு மூன்று உரைகள், சுற்றிலும் விளம்பரம். இவை எதிலும் பிழை கிடையாது, ஆனால் ஏற்கெனவே இண்டெக்ஸில் உள்ள நூற்றுக்கணக்கான பக்கங்களிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டவும் எதுவும் கிடையாது. அதிகாரத்துக்கு ஒன்றாக 133 பக்கங்களாகச் சேர்த்து, அந்த அதிகாரத்தைப் பற்றித் தாமே சொல்ல ஏதேனும் இருந்தால் அதையும் எழுதிச் சேர்க்கும்படி நான் சொல்வது வழக்கம். சொல்ல ஒன்றுமில்லை என்றால் அந்தப் பக்கங்கள் வராததைப் பற்றிக் கூகுளிடம் முறையிட்டுப் பயனில்லை. இண்டெக்ஸ் செய்யக் கோரும் பொத்தானை நாள்தோறும் அழுத்துவதாலும் ஒன்றும் ஆகாது.

அறிகுறி: பக்கத்தில் உள்ள வாக்கியத்தையே தேடினாலும் அந்தப் பக்கம் வருவதில்லை

இது ஆங்கிலத் தளங்களில் அரிது. தமிழில் அடிக்கடி வரும். பக்கம் இண்டெக்ஸில் இருக்கிறது என்று முகவரிச் சோதனை சொல்கிறது. ஆனால் அதிலிருந்து வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாத ஆறேழு சொற்களை எடுத்து மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. அப்படியானால் கூகுள் படித்த எழுத்தும் நம் கண் படிக்கும் எழுத்தும் ஒன்றல்ல.

பக்கத்தின் உரையைப் பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பழைய தளமாக இருந்தால் பாமினி, டிஸ்கி, டேப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் (எழுத்துகளைக் கணினிக்குள் குறிக்கும் முறைகளில்) ஒன்று வெளியே வரும். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவதன் அடியில் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள் மட்டுமே. தேடுபொறி அவற்றைத்தான் படிக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல், உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும், அதற்கு முன் ஏற்றப்பட்ட இதழ்த் தொகுப்புகளும் பிடிஎஃப் கோப்புகளும் இன்னும் அந்தக் குறிகளோடே கிடக்கின்றன. பிடிஎஃப் கோப்புகளில் இந்தக் கோளாறு இன்னும் நன்றாக ஒளிந்திருக்கும், ஏனெனில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருப்பதால் எந்தக் கணினியிலும் அழகாகவே தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை மெய்ப்புப் பார்ப்பதுதான் உழைப்பு.

யூனிகோடிலேயே இருக்கும் உரையிலும் சிக்கல் வரும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் வழியே எடுத்த உரையில் துணைக்காலும் ரகரமும் இடம் மாறிக் கிடக்கும். ஔவையாரை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிட்டிருப்பார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு சொல். ‘ஸ்ரீ’யைக்கூட இரண்டு வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கி எழுத முடியும். ஒன்றிரண்டு இடங்களில் என்றால் விட்டுவிடலாம். தலைப்பிலும் முதல் பத்தியிலும் இருந்தால் திருத்தியே ஆக வேண்டும்.

எழுத்தே இல்லாமல் படமாக இருக்கும் உரையையும் இங்கேயே சேர்த்துப் பார்க்க வேண்டும். கடையின் விலைப்பட்டியல், கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் வந்த படமாகவே தளத்தில் ஏற்றிவிட்டு, அந்தச் சொற்களுக்குத் தளம் வரவில்லையே என்று கேட்பவர்கள் ஏராளம். அதேபோல் ‘மேலும் படிக்க’ பொத்தானை அழுத்திய பிறகே சர்வரிலிருந்து வந்து சேரும் உரை கூகுளுக்குக் கிடைக்காது. கூகுள்பாட் பொத்தான்களை அழுத்துவதில்லை. கணினித் திரையில் மட்டும் தெரிந்து, கைப்பேசித் திரையில் இல்லாத உரையும் அப்படித்தான், ஏனெனில் இப்போது கைப்பேசிப் பதிப்பையே கூகுள் படிக்கிறது. 2024 ஜூலை 5க்குப் பிறகு கைப்பேசியில் திறக்கவே திறக்காத தளங்கள் இண்டெக்ஸில் சேர்க்கப்படுவதில்லை.

அறிகுறி: தளத்தை மாற்றி அமைத்தபின் வருகை சரிந்தது

புதிய தீம், புதிய ஹோஸ்டிங், புதிய டொமைன் என்று எது மாறியிருந்தாலும், முகவரிகள் மாறினவா என்பதே முதல் கேள்வி. மாறியிருந்தால் ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்கு இணையான புதிய முகவரிக்கு 301 ரீடைரக்ட், அதாவது நிரந்தரத் திருப்பிவிடல், இருக்க வேண்டும். எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் குறுக்குவழி பிளகின்களில் ஒரே சொடுக்கில் கிடைக்கிறது. ஆனால் கூகுள் அதைச் சாஃப்ட் 404, அதாவது பக்கம் இல்லை என்பதற்குச் சமம், என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பழைய பக்கம் பல ஆண்டுகளாகச் சேர்த்த மதிப்பு முகப்புக்கு வந்து சேராது. ரீடைரக்ட்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. எடுப்பதற்குக் காரணமே இல்லாதபோது நிரந்தரமாக விட்டுவிடுவது என் வழக்கம்.

தமிழ் முகவரிகள் உள்ள தளத்தில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. இதைத் தெரியாமல் இடம்பெயர்த்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லில் தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி என்று ஐந்து குறிகள். முகவரியில் அது 45 எழுத்துகள். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானாக உருவாக்கும் ஸ்லக்கை, அதாவது முகவரியின் கடைசிப் பகுதியை, 200 எழுத்தோடு வெட்டிவிடும்.

‘தீபாவளிக்கு வீட்டிலேயே செய்யும் அதிரசம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். முதல் சொல்லில் 11 குறிகள், அதாவது 99 எழுத்துகள், ஒரு இடைக்கோடு, இரண்டாம் சொல்லில் 10 குறிகள், 90 எழுத்துகள், இன்னொரு இடைக்கோடு. இதுவரை 191. மீதமுள்ள ஒன்பதில் ஒரே ஒரு குறிதான் அடங்கும். எனவே ‘செய்யும்’ என்பதன் சகரம் மட்டும் கொம்பில்லாமல் வாலில் ஒட்டிக்கொள்ள, ஸ்லக் அங்கேயே முடிந்துவிடும். அதிரசம் முகவரிக்குள் வரவே வராது. அடுத்த வாரம் அதே தொடக்கத்தோடு முறுக்குச் செய்முறையை எழுதினால் அதற்கும் அதே ஸ்லக் அமையும் என்பதால், வேர்ட்பிரஸ் அதன் வாலில் 2 என்ற எண்ணைச் சேர்க்கும். அதிரசமும் முறுக்கும் முகவரியில் பிரித்தறிய முடியாத இரட்டையர்கள் ஆகிவிடுவார்கள்.

இதனால் மட்டும் தரவரிசை விழாது. முகவரியில் உள்ள சொற்களுக்குக் கூகுள் தரும் எடை மிகச் சிறிது. விழுவது இடம்பெயர்க்கும்போதுதான். வெட்டுப்பட்ட முகவரிகளையும் எண் ஒட்டிய முகவரிகளையும் தலைப்பைப் பார்த்துக் கையால் இணை சேர்க்க முயன்றால், அதிரசம் முறுக்குக்குப் போகும். பழைய தளத்தின் தரவுத்தளத்திலிருந்து பதிவு எண்ணையும் ஸ்லக்கையும் சேர்த்தே ஏற்றுமதி செய்து, எண்ணை வைத்து இணை சேர்ப்பதுதான் பிழையற்ற வழி. இனி எழுதும் பதிவுகளில் ஸ்லக்கை இரண்டு சொற்களுக்குள் கையால் எழுதிவிடலாம். ஏற்கெனவே உள்ளவற்றை அழகுக்காக மாற்ற வேண்டாம்.

கொ, கோ போன்ற எழுத்துகளிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று துணைக்கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ‘கொ’தான், முகவரியில் முதலாவது 18 எழுத்து, இரண்டாவது 27 எழுத்து. பழைய தளத்தில் ஒரு விதமாகவும் ரீடைரக்ட் பட்டியலில் மற்ற விதமாகவும் இருந்தால் சர்வருக்கு அவை வேறு வேறு முகவரிகள் என்பதால் 404 விழும். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குப் பிழை தெரியாது. தமிழ்ப் பெயரிட்ட படக்கோப்புகளிலும் இதே கதைதான். விரித்த வடிவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நீளத்தை எண்ணினால் பிடிபடும்.

அறிகுறி: ஒரு பக்கத்துக்குப் பதிலாக வேறொரு பக்கம் வருகிறது

இதில் இரண்டு வகை உண்டு. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால், அவற்றில் ஒன்றைக் கூகுள் தானே தேர்ந்தெடுக்கிறது. முகவரிச் சோதனையில் நாம் அறிவித்த கனானிக்கல், அதாவது முதன்மை முகவரி, எது, கூகுள் தேர்ந்த கனானிக்கல் எது என்று இரண்டு வரிகள் இருக்கும். அவை வேறுபட்டால், உள் இணைப்புகள், சைட்மேப், ரீடைரக்ட் ஆகிய மூன்றும் நாம் விரும்பும் முகவரியையே காட்டுகின்றனவா என்று பாருங்கள். கனானிக்கல் என்பது வேண்டுகோள்தான், கட்டளை அல்ல.

மற்ற வகையில், ஒரே பொருளில் நாமே நான்கு கட்டுரைகள் எழுதியிருப்போம். அவற்றில் சிறந்த ஒன்றோடு மற்றவற்றின் நல்ல பகுதிகளைச் சேர்த்து, மீதிக்கு 301 கொடுத்தால் முடிந்தது.

அறிகுறி: நாம் எழுதாத பக்கங்கள் நம் பெயரில் வருகின்றன

தளப் பெயரோடு தேடும்போது ஜப்பானிய எழுத்திலோ சூதாட்ட விளம்பரமாகவோ பக்கங்கள் வந்தால் தளம் உடைக்கப்பட்டிருக்கிறது. உலாவியில் திறந்தால் 404 காட்டி, கூகுள்பாட்டுக்கு மட்டும் அந்தப் பக்கத்தைத் தரும்படி இவை எழுதப்பட்டிருக்கும் என்பதால், முகவரிச் சோதனையில் கூகுள் பார்த்த வடிவத்தைத்தான் நம்ப வேண்டும். சர்ச் கன்சோலின் பயனர் பட்டியலில் தெரியாத உரிமையாளர் யாராவது இருக்கிறாரா என்று உடனே பாருங்கள். உடைத்தவர்கள் தம்மையே உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வதுண்டு. பெயரை நீக்கினால் மட்டும் போதாது, அவர்கள் சரிபார்ப்புக்காக வைத்த கோப்பையும் சர்வரிலிருந்து எடுத்தால்தான் மீண்டும் உள்ளே வர மாட்டார்கள்.

அறிகுறி: இம்ப்ரெஷன் அப்படியே, கிளிக் மட்டும் குறைவு

சராசரி இடம் மாறாமல் கிளிக் குறைந்தால் தேடல் முடிவுப் பக்கம் மாறியிருக்கிறது என்று பொருள். அந்தத் தேடலை நீங்களே செய்து பாருங்கள். பதில் மேலேயே வந்துவிடுகிறதா, காணொளிகள் இடத்தை எடுத்துக்கொண்டனவா, உங்கள் தலைப்பைக் கூகுள் மாற்றி எழுதிக் காட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்க விடை 2024 ஆகஸ்டில் இந்தியத் தேடலுக்கும் வந்தது. அதற்குள் உங்கள் பக்கம் இணைப்பாக வந்தாலும் சர்ச் கன்சோல் அதைப் பொதுக் கணக்கிலேயே சேர்ப்பதால், அதனால் எவ்வளவு இழந்தோம் என்று தனியே பிரிக்க முடியாது. ஒரு வரியில் விடை முடிந்துவிடும் கேள்விகளுக்கு எழுதிய பக்கங்கள் பழைய கிளிக்குக்குத் திரும்பும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அறிகுறி: மாதக்கணக்கில் மெல்லத் தேய்கிறது

இங்கேதான் உள்ளடக்கத் தணிக்கை உண்மையாகத் தேவைப்படுகிறது. சரிவு தொடங்கிய நாள், கூகுள் தன் நிலைமைப் பலகையில் அறிவிக்கும் புதுப்பிப்புகளில் ஒன்றோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். 2024 மார்ச் 5 அன்று தொடங்கிய மையப் புதுப்பிப்பு, அதாவது தரவரிசை முறையையே பெரிதாகத் திருத்தும் மாற்றம், 45 நாட்கள் நீடித்தது. பயனுள்ள உள்ளடக்கத்தை அளக்கும் முறை அதோடுதான் மைய முறைக்குள்ளேயே கலந்தது. அத்தகைய நாளில் விழுந்த தளத்துக்கு ஒரு பொத்தானில் தீர்வு கிடையாது, ஓரிரு பக்கங்களைத் திருத்தினாலும் போதாது.

தளத்தின் எல்லா முகவரிகளையும் ஒரு விரிதாளில் சேர்க்க வேண்டும். சர்ச் கன்சோல் திரையிலிருந்து 1000 வரிகளுக்கு மேல் இறக்க முடியாது. எனவே சைட்மேப், தரவுத்தளம், சர்வர் பதிவேடு ஆகியவற்றையும் சேர்த்தால்தான் யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்கள் வெளிச்சத்துக்கு வரும். ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே 16 மாதக் கிளிக், வெளித்தளங்களிலிருந்து இணைப்பு உண்டா, கடைசியாக உண்மையில் திருத்திய தேதி ஆகியவற்றை எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் வைத்திருப்பதா, சேர்ப்பதா, நீக்குவதா என்று முடிவு செய்யலாம்.

நாள்தோறும் ராசிபலன் வெளியிடும் தளத்தில் பன்னிரண்டு ராசிக்கும் தனிப் பக்கம் என்றால் ஆண்டுக்கு 4380 பக்கங்கள் சேரும். நேற்றைய பலனை இன்று யாரும் தேடுவதில்லை. மூன்றாண்டில் பதிமூன்றாயிரத்தைத் தாண்டும் அந்தக் குவியலுக்கு நடுவே, ஒருவர் பல நாள் உழைத்து எழுதிய முப்பது நல்ல கட்டுரைகளைத் தேடுபொறி கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. ராசிக்கு ஒரு நிலையான முகவரி வைத்து அதன் உள்ளடக்கத்தை மட்டும் தினமும் மாற்றினால், பன்னிரண்டு பக்கங்களோடு வேலை முடியும். தங்கம் விலைப் பக்கங்களுக்கும் இதுவே வழி. நீக்கும் பக்கத்துக்கு இணையானது இருந்தால் 301, இல்லையென்றால் 404 அல்லது, பக்கம் நிரந்தரமாகப் போய்விட்டது என்னும் 410. 404க்கும் 410க்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை. சர்ச் கன்சோலின் நீக்கல் கருவி பக்கத்தைச் சுமார் ஆறு மாதம் மறைக்க மட்டுமே செய்யும் என்பதால் அதை நிரந்தரத் தீர்வாக எண்ண வேண்டாம்.

உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் இன்றைக்கு மாற்றும் பழக்கத்தையும், பக்கத்தின் நிரலில் தேடற்சொற்களைக் குறிக்கும் கீவேர்ட் மெட்டா குறியில் நூறு சொற்களை அடுக்கும் பழக்கத்தையும் இந்தச் சந்தர்ப்பத்தில் கைவிடலாம். அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. இன்றும் அதற்குக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

வேகம் பற்றி

வேகத்தை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், பலர் முதலில் அதையே பிடித்துக்கொள்வதுதான். முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைய வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். வருகைகளில் நான்கில் மூன்று பங்குக்கு இவை பொருந்தினால் போதும். தமிழ்த் தளங்களில் பக்கம் குதிப்பதற்குப் பெரும்பாலும் தமிழ் எழுத்துருவே காரணம். கைப்பேசியின் எழுத்துரு முதலில் தெரிந்து, தளத்தின் எழுத்துரு பின்னால் வந்து சேரும்போது வரிகள் மடங்கும் இடம் மாறி, முழுப் பத்தியும் கீழே நகர்கிறது. நான்கைந்து தடிமன்களை ஏற்றாமல் இரண்டோடு நிறுத்தி, அவற்றை முன்கூட்டியே இறங்கச் செய்தால் இது அடங்கும்.

திருத்திய பிறகு

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். எது பலன் தந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நோஇண்டெக்ஸ், தடை, சர்வர் பிழை போன்றவற்றைச் சரிசெய்தால் நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் முகவரிச் சோதனையிலேயே மாற்றம் தெரியும். வேக அளவீடுகள் 28 நாள் தரவிலிருந்து கணக்கிடப்படுவதால் அதற்கு முன் பார்ப்பதில் பொருளில்லை. உள்ளடக்கத் தணிக்கையின் விளைவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடுத்த மையப் புதுப்பிப்பு முடிந்து ஒரு வாரம் கழித்து, அதே விரிதாளைத் திறந்து அதே பக்கங்களுக்கு எதிரே புதிய எண்களை நிரப்பிப் பாருங்கள்.